ராஜாங்கத்தின் வலது காது

"தலையத் தூக்கிப் புடி. பாலு மூக்குல ஏறிடப் போவுது" என்றாள் ஆராயி.

கமலம் கணவனின் பிடரிக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினாள். கரண்டிப் பால் கடைவாயில் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. தொண்டை அசையவில்லை. மஞ்சள் காமாலை மூன்று வாரமாகத் தின்று தீர்த்த உடம்பு அது. தலை மட்டும் இன்னும் கனத்தது. முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டுத் தலையணையில் கிடத்தினாள்.

எட்டு மணி வண்டி ஜங்ஷனை விட்டுக் கிளம்புகிற ஊதல் கேட்டது. ஆராயி கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். இடுப்பு ஒடிந்து சுவரில் சாய்ந்தே காலம் தள்ளுகிறவள். கிடப்பது அவள் மூத்த மகன்.

"இனிமே எறங்காது. காதுல சொல்ற வேலையப் பாருங்க. மாணிக்கவேலு, வா இப்படி."

நிலைப்படியில் நின்ற இளைய மகன் நகரவில்லை. "நான் எதுக்கும்மா? அதான் அண்ணி இருக்குது இல்ல."

"அவனுக்குப் புள்ள இல்ல. கொள்ளி வைக்கப் போறவன் நீ. நீதான் சொல்லணும்."

"கொள்ளி வைக்கிறேன். மொட்டை போட்டுக்கறேன். அந்தக் காதுகிட்ட மட்டும் வரமாட்டேன். நான் புள்ளகுட்டிக்காரன்."

"அவன் தோள்ல ஏறித்தான்டா நீ தேரு பாத்த."

"அப்ப அந்தக் காதுல ஒண்ணும் இல்லம்மா."

யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் காதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மாணிக்கவேலைக் கோழை என்று நினைத்துவிடுவீர்கள். ராஜாங்கம் பீங்கான் கம்பெனியில் ஜாடி தட்டுகிறவன். சூளையிலிருந்து இறக்கிய ஜாடியைச் சின்ன மரக்கட்டையால் ஒரு தட்டுத் தட்டுவான். நாதம் சுத்தமாக இருந்தால் இந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அந்தப் பக்கம். அப்படிப்பட்ட காது. அறுபத்துநாலாம் வருஷத்தில் ஒரு நாள், தட்டிய ஜாடியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி, "யாரு?" என்று கேட்டான். பின்னால் சுவர்தான் இருந்தது. அன்று தொடங்கியது அந்தக் குரல். ஆண்குரல். எப்போதும் வலது காதில்.

வேறு ஊராக இருந்தால் பேய் என்றிருப்பார்கள். விருத்தாசலத்தில் உயிர் விடுகிறவர்களின் வலது காதில் பழமலைநாதரே குனிந்து திருநாமம் சொல்லிக் கரையேற்றுவார் என்பது நம்பிக்கை. ஆகவே ஆராயி, மகனுக்கு நாள் வந்துவிட்டது என்று முடிவுகட்டினாள். பெண்ணாடத்திலிருந்தும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் உறவுக்காரர்கள் வந்து, கல்லுக் குண்டாக உட்கார்ந்திருந்தவனைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பைத் தினம் வைத்துப் போட்டார்கள். பதினைந்தாம் நாள் எதிர்வீட்டுப் பூவாயி கேட்டேவிட்டாள்: "சாமி கூப்புட்டு இத்தினி நாளாச்சே, இன்னுமா பஸ்ஸு கெடைக்கல?"

அவன் சாகவில்லை. குரலும் போகவில்லை. அது சாமி சொல்கிற பேச்சு இல்லை என்பது அவன் முகத்தைப் பார்த்தே கமலத்துக்குத் தெரிந்தது. சோற்றில் கை வைத்தவன் அப்படியே நின்றுவிடுவான். நெற்றி வியர்க்கும். "என்னா சொல்லுதுங்க?" என்று கேட்டால், "உனக்கு வேணாம்" என்பான்.

அறுபத்தேழு தை மாதத்தில் மெட்ராஸுக்கு அழைத்துப்போனாள். மூளையில் கட்டி கிட்டி இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். அவனை நாற்காலியில் வாரால் கட்டி உட்காரவைத்து, முதுகுத்தண்டில் ஊசி இறக்கித் தண்ணீரை எடுத்துவிட்டு, அந்த அளவுக்குக் காற்றை ஏற்றினார்கள். காற்று தலைக்குள் போய் நிற்கிற இடம் படத்தில் கறுப்பாக விழுமாம். கமலம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவன் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தது கேட்டது. அதற்கப்புறம் மூன்று நாள் அவனால் தலையைத் தூக்க முடியவில்லை.

டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "கட்டி இல்லம்மா. எல்லாம் இருக்க வேண்டிய எடத்துல இருக்குது."

"அந்தக் கொரலுங்கய்யா?"

அவர் படத்தைக் கீழே இறக்கினார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. "அதைப் படம் புடிக்க இன்னும் யாருக்கும் தெரியலம்மா. ஆனா அது மூளைக்குள்ளதான். வெளிய இல்ல. மாத்திரை தரேன், சத்தம் கொறையும்."

கமலம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளுத்த எலும்புக்கு நடுவே இரண்டு கறுப்புக் குட்டைகள், வேறொன்றும் இல்லை. தலைக்குள் காற்றையே அனுப்பித் தேடியும் அகப்படவில்லை என்றால் அது உள்ளே எப்படி இருக்கும்? வெளியேதான் இருக்கிறது. வேறெங்கே, காதோரம்தான். அவள் அறிவுக்கு அப்படித்தான் எட்டியது.

திரும்பி வரும்போது ரயிலில் அவனாகவே பேசினான். "காத்து ஏறுனப்ப மட்டும் அது வாயத் தொறக்கல. தலை வெடிச்சுது. ஆனா அப்பாடான்னு இருந்துது."

"இப்ப?"

"இப்ப பேசுது." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அது உம் பேரக் கேக்குது. மூணு வருசமா அதையேதான் கேக்குது. நான் சொல்லல."

"ஊரே என் பேரச் சொல்லித்தானங்க கூப்புடுது?"

"ஊரு சொன்னா அதுக்குக் கேக்காது. நான் சொன்னாத்தான் கேக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து வாய் நிறைய "கமலம்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், ஜாடியைக் கீழே வைத்த அந்த நாளிலிருந்து "இந்தா" என்றுதான் கூப்பிடுகிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்று முதல் அவள் அவனுக்கு இடப்பக்கமே நின்றாள், இடப்பக்கமே படுத்தாள். மாத்திரை பாதி நாள் கேட்டது, பாதி நாள் கேட்கவில்லை. இப்படியே ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

"கமலம்" என்றாள் ஆராயி. "அவன் வரமாட்டான். நீயே சொல்லு."

"அத்தே, எனக்கும்..."

"பயந்தான். தெரியும். எனக்குக் குனிய முடிஞ்சா உங்ககிட்ட ஏன் கெஞ்சறேன்?" கிழவியின் குரல் தாழ்ந்தது. "மனுசங்க யாரும் ஒண்ணும் சொல்லலன்னா, கடைசி வரைக்கும் அது மட்டுந்தான் எம்புள்ள காதுல பேசிக்கிட்டு இருக்கும். அதோடயா அவன அனுப்பப் போற?"

கமலம் எழுந்து பாயைச் சுற்றி வலப்பக்கம் போனாள். ஐந்து வருஷத்தில் அந்தப் பக்கத்திலிருந்து அவன் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. கன்னத்தில் ஒரு மச்சம் இருந்ததை மறந்தே போயிருந்தாள். முட்டி போட்டாள். காதோர மயிர் நரைத்திருந்தது. குனியக் குனிய, வாயைக் காதுக்குக் கொண்டுபோனால் தன் காதும் கூடவே அங்கே போகும் என்ற நினைப்பு வந்தது. அப்படியே பாதியில் நின்றாள்.

அவன் கண் திறந்தது. மஞ்சளேறிய கண். இரண்டு நாளாக அசையாமல் கிடந்த வலது கை எழுந்தது. நெஞ்சில் ஊர்ந்தது, தாடையில் தட்டி நின்றது, மறுபடி ஊர்ந்துபோய் வலது காதை மூடிக்கொண்டது. விரல்கள் இறுக்கி மூடியிருந்தன. பிறகு தலை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, இடது காதை மேலே காட்டியது.

ஆராயி சாய்ந்திருந்த இடத்திலிருந்து கமலத்தின் முதுகுதான் தெரிந்தது. "சொல்லுடி" என்றாள்.

கமலம் அவன்மேல் படாமல் எட்டிக் குனிந்து, இடது காதில், "நமசிவாய" என்றாள். இரண்டாம் தடவையும் சொன்னாள். மூன்றாம் தடவை சொல்லி முடித்தபோது அதைக் கேட்க அவன் இல்லை. காதை மூடிய கை மூடியபடி இருந்தது.

"வலது காதுலதான சொன்ன?"

"ஆமா, அத்தே."

"அப்பாடி" என்றாள் ஆராயி. அப்புறம்தான் மாரில் அடித்துக்கொண்டாள்.

மதியத்துக்குள் தெரு கூடிவிட்டது. குளிப்பாட்டி, கோடி போர்த்தி, வாசல் பந்தலில் பெஞ்சில் கிடத்தினார்கள். கையை எடுத்து நெஞ்சின்மேல் சேர்த்துக் கட்ட மாணிக்கவேல்தான் சிரமப்பட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டே இழுத்தான். பறை தொடங்கியது. வந்த பெண்கள் எல்லாரும் தோளோடு தோள் சேர்த்து இடப்பக்கமே நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பூவாயி ஒரு காலைத் தெருவில் வைத்துக்கொண்டு பாதி உடம்போடு உட்கார்ந்திருந்தாள். வலப்பக்கம் கோலம் போடும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. வெயில் மட்டும் அங்கே விழுந்திருந்தது.

"எங்கடி எழுந்துக்கற?" என்று பூவாயி கமலத்தின் கையைப் பிடித்தாள். "இங்கயே குந்து."

"எடம் இல்லக்கா, இங்க" என்றாள் கமலம்.

பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போனாள். அழுகை ஒரு கணம் தணிந்தது. வெயிலில் அவன் தலைமாட்டுக்கு அருகே, காதோரம், தரையில் உட்கார்ந்தாள். அவிழ்ந்து கிடந்த கூந்தல் அவன் பக்கமிருந்த அவள் காதை மூடியிருந்தது. அதை ஒரு விரலால் எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவைத்துக்கொண்டாள்.