பசுமலைக்குப் போன அதிமதுரம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ராமதாஸின் நாக்கு செத்துப்போனது.

காரணம், பின்லாந்திலிருந்து வந்த ஒரு கறுப்பு மிட்டாய். அங்கே வேலை பார்க்கும் மகன் ஹரிஷ்குமார், நண்பன் மூலம் கொடுத்துவிட்டிருந்தான்.

"அதிமதுர மிட்டாய்ப்பா. இங்கிலாந்துல சக்கரை போட்டுத் திம்பாங்க. இத்தாலில ஒண்ணுமே போடாம கசக்கக் கசக்கத் திம்பாங்க. இந்த ஊர்ல உப்பு!" என்று போனில் சிரித்தான்.

சிம்மக்கல்லில் முப்பத்திரண்டு வருடமாக நாட்டு மருந்துக் கடை நடத்துகிறவர் ராமதாஸ். வாயில் போட்டதும் கண்ணில் நீர் முட்டியது.

"டேய், இது உப்பு இல்லடா, நவச்சாரம்! பாத்திரத்துக்கு ஈயம் பூசப் போடுற சரக்கு!"

"துப்பிருங்கப்பா."

"நீ அனுப்புனதையா? போடா."

கடைசிவரை சப்பினார். ஒன்றல்ல, மூன்று.

அந்த நேரம் பார்த்துப் புது மூட்டை வந்து இறங்கியது. அதிமதுரம் இங்கே விளைகிற வேரல்ல. ஈரான், ஆப்கான் பக்கத்திலிருந்து நாலு கை மாறி மதுரைக்கு வரும். எந்தக் கையில் எது கலக்கும் என்று யார் கண்டது? அதனால் ஒரு துண்டைக் கடித்துப் பார்க்காமல் ராமதாஸ் விற்கமாட்டார். அன்றும் கடித்தார். நவச்சாரத்துக்கு அடியில் ஏதோ இனித்தது. போதும் என்று தலையாட்டிவிட்டார்.

அந்த மூட்டைக்கு அன்று ஒரே போணி, பசுமலை எஸ்தர் டீச்சர். பதினோரு வருடமாகப் பாடகர் குழுவில் கூட்டத்தோடு பாடியவருக்கு, நாளைக் காலை ஆராதனையில் முதன்முதலாகத் தனிப்பாட்டு. தொண்டையோ கட்டிக்கிடந்தது.

"இதைக் கொதிக்க வச்சு சாயங்காலம் நாலு மணிக்குக் குடிங்க டீச்சர். நாளை வரைக்கும் பேசப்படாது. போனையும் அமத்திப் போட்டுருங்க."

மூன்று மணிக்கு மனைவி ராதாமணி கடைக்கு வந்தாள். வழக்கம்போல, புது மூட்டையிலிருந்து ஒரு துண்டு அதிமதுரத்தை எடுத்துக் கடித்தவள், சட்டென்று துப்பினாள்.

"என்னங்க, முன்னால இனிச்சுப் பின்னால கசக்குது. இது குண்டுமணி வேரு!"

ராமதாஸ் கல்லாவை விட்டு எழுந்தார். வேலியில் படரும் குண்டுமணி. அளவு தப்பினால் வயிற்றைப் புரட்டிப் போட்டுவிடும். டீச்சருக்குப் போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவரே சொன்ன வைத்தியம்! ராதாமணி பழைய மூட்டையிலிருந்து ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து, ஒரு பிடியைக் கைப்பையில் போட்டுக்கொள்ள, அவர் வாசலில் நின்ற ஆட்டோக்காரனைக் கூப்பிட்டார்.

"காளை, பசுமலைக்கு விடுப்பா!"

"ஏறுங்கண்ணே. அக்கா, கம்பியைப் புடிச்சுக்கங்க!"

பெரியார் நிலையத்தில் நெரிசல். பழங்காநத்தத்தில் ஒரு டவுன் பஸ் குறுக்கே நின்றது. மணி மூணு ஐம்பது. ராமதாஸ் வேர்த்துக் கொட்டினார். ராதாமணி தன் முந்தானையை நீட்டினாள்.

"தொடைங்க. மிட்டாயை எத்தனை தின்னீங்க?"

"மூணு."

"புள்ளை அனுப்புனா விசத்தையும் சப்புவீக."

அவர்கள் வாசலில் குதித்தபோது எஸ்தர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோயிருந்தார்.

"டீச்சர், குடிக்காதீங்க!"

எஸ்தர் திகைத்து, பக்கத்திலிருந்த நோட்டில் எழுதிக் காட்டினார்: 'ஏன்?'

எடை குறைந்துவிட்டது என்று சொல்லலாம். பொட்டலம் மாறிவிட்டது என்றும் சொல்லலாம். முப்பத்திரண்டு வருடப் பேர் காப்பாற்றப்படும். ராமதாஸ் டம்ளரைக் கையால் மூடினார்.

"என் நாக்கு தப்புப் பண்ணிருச்சு டீச்சர். அது வேற வேரு."

ராதாமணி கைப்பையிலிருந்து பழைய சரக்கை நீட்டினாள். எஸ்தர் அதையும் சந்தேகமாகப் பார்த்தார்.

"பயப்படாதீங்க. இதை இவ கடிச்சுப் பாத்துட்டா" என்றார் ராமதாஸ். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு சான்றிதழைக் கேட்ட ராதாமணி, டம்ளரைப் பறித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை தேவாலயத்தின் கடைசி வரிசையில் இருவரும் நின்றார்கள். முதல் அடி கரகரத்தது. ராமதாஸ் மனைவியின் கையை நசுக்கினார். இரண்டாவது அடியில் குரல் மெல்ல நிமிர்ந்தது. மூன்றாவதில் கூரையைத் தொட்டது.

"பாத்தியா, அதிமதுரம்!" என்று கிசுகிசுத்தார்.

"சும்மா இருங்க. பதினோரு வருசமா பாடுனது அந்தப் புள்ளை. பேரு அம்புட்டும் உங்க வேருக்கா?"

ஆனால், நசுங்கிய கையை அவள் இழுத்துக்கொள்ளவில்லை.