கேலி முறைக்காரன்

எனக்கு வாய் நீளம். லாரி ஓட்டுகிறவனுக்கு அது நல்லதுதான். இருபத்திரண்டு வருடங்களாக அந்த வாயை வைத்தே சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்திருக்கிறேன்.

நான் போபோ இனத்துக்காரன், பெயர் சியாகா மிலோகோ. இத்தனை வருடமும் என்னோடு லாரியில் வரும் மெக்கானிக் ஹம்மா சிதிபே, ஃபுலானி. எங்கள் இரண்டு இனத்துக்கும் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே கேலி முறை உண்டு. அவன் என்னைக் கள்ளுக்குடியன் என்பான், நான் அவனை மாட்டுத்திருடன் என்பேன். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்தவன் மனிதனே இல்லை.

ஆனால் இப்போது காட்டுக்குள் துப்பாக்கியோடு திரிகிறவர்களில் சிலர் ஃபுலானிகள். அதனால் ஃபுலானி என்றாலே சந்தேகம். ராணுவம் ஆட்சிக்கு வந்த பிறகு சந்தேகத்துக்கு விசாரணையும் கிடையாது. சாவடியில் இறக்கப்பட்ட சிலர் வீடு திரும்பவே இல்லை. ஆகவே சாவடி வந்ததும் நான் முந்திக்கொண்டு ஹம்மாவைத் திட்டுவேன். காவலுக்கு நிற்பவர்கள் சிரித்துவிட்டுத் தடுப்பைத் தூக்கிவிடுவார்கள்.

அன்று மாம்பழ லோடு. மாலி எல்லைக்கு முன்னால் இருந்த சாவடியில் எல்லாம் புது முகங்கள். மூன்று நாடுகள் சேர்ந்து அமைத்த கூட்டுப்படையாம். எங்கள் நாட்டு ஆள் ஒருவன்கூட இல்லை. அதை நான் யோசித்திருக்க வேண்டும். மடையன், யோசிக்கவில்லை.

"சார், இவன விட்ராதீங்க!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். "திருட்டுப்பய! காட்டுல இருக்கறவனுங்களுக்கு மாடு ஓட்டிக் குடுக்கறதே இவன்தான்!"

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு சிப்பாய்கள் ஹம்மாவை இழுத்து இறக்கி, கையைப் பின்னால் கட்டி மண்டியிட வைத்தார்கள்.

"ஐயோ, கேலி சார்! எங்களுக்குள்ள முறை!"

சார்ஜண்ட் நைஜர்க்காரர். "எங்க நாட்டுலயும் கேலி முறை உண்டு. எவனுக்கு எவன் முறைன்னு எனக்குத் தெரியும். போபோவும் ஃபுலானியும்னு நான் கேட்டதே இல்லையே."

"இங்க அப்படித்தான் சார்!"

"அப்ப அவன் உன்னத் திட்டட்டும். முறைக்காரனுக்குப் பதில் நாக்கு நுனியில இருக்குமே."

துப்பாக்கி முனை ஹம்மாவின் பிடரியில் இருந்தது. அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"டேய் மச்சான், திட்டுடா! வழக்கமா சொல்லுவியே..."

"நீ எடுத்துக் குடுக்காத," என்றார் சார்ஜண்ட்.

ஹம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"இந்த போபோக்காரனுக்கு மூளை கெடையாது சார், வாய் மட்டுந்தான். என்னைக்காவது இவன் வாயாலதான் நான் சாகப்போறேன்னு எம் பொண்டாட்டி சொல்லிக்கிட்டே இருப்பா."

சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சார்ஜண்டும் சிரித்துக்கொண்டே கட்டை அவிழ்க்கச் சொன்னார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவன் கேலியாகச் சொன்னானா என்று எனக்குத் தெரியவில்லை.

பத்து கிலோமீட்டர் தாண்டியும் ஹம்மா என்னை ஒரு தடவைகூடத் திட்டவில்லை. என்னால் தாங்க முடியவில்லை.

"என்னடா மாட்டுத்திருடா, பயத்துல பேன்ட்டை நனைச்சிட்டியா?"

வழக்கமாக நான் முடிக்குமுன் பதில் பாய்ந்து வரும். அன்று ஹம்மா மணிக்கட்டைத் தடவிக்கொண்டு சாலையையே பார்த்தான்.

"காப்பாத்துனதுக்கு ரொம்ப நன்றிண்ணே," என்றான்.

இருபத்திரண்டு வருடத்தில் அவன் எனக்கு நன்றி சொன்னதே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதேன்.