சத்தம் வராத கோப்பை

சூளையிலிருந்து இறங்கும் பீங்கான் கோப்பைகளை விரலால் சுண்டிப் பார்த்துப் பிரிப்பதுதான் கொளஞ்சியம்மாளின் வேலை. கணீரென்று ஒலித்தால் நல்லது. பொத்தென்று ஊமையாக இருந்தால் உள்ளே விரிசல். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது தேறாது. விருத்தாசலத்தில் அந்தப் பீங்கான் கொட்டகைக்கு வேலைக்கு வந்த புதிதிலேயே கற்றுக்கொண்ட பாடம் அது. வீட்டுக்குள் மட்டும் அந்தப் பாடம் செல்லுபடியாகவில்லை.

மூத்தவள் பிறந்தபோது கொளஞ்சி ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினாள். "புள்ள பெத்துக்க ஆச இருந்துதுல்ல? வாய மூடு" என்று நர்ஸ் தொடையில் ஓர் அடி வைத்தாள். அந்தக் கூச்சலைக் கேட்டுத்தான் டாக்டரம்மா பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்து, கழுத்தில் கொடி சுற்றியிருந்த குழந்தையைப் பிழைக்க வைத்தார். அதை யார் நினைவில் வைத்தார்கள்? மாமியார் பூவாயிக்கு அந்த அடி மட்டும்தான் நினைவிருந்தது. "மானத்த வாங்கிட்டா. ஆஸ்பத்திரியே வேடிக்க பாத்துது" என்று குழாயடியில் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். கொளஞ்சி கூனிக்குறுகிப் போனாள்.

இரண்டாவது பிரசவத்துக்கு அவள் உஷாராகிவிட்டாள். காலையில் வலி கண்டதும் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு சுவரோரம் ஒருக்களித்துப் படுத்தாள்.

"வலி எடுத்துடுச்சா? ஆட்டோ இட்டாரட்டா?" என்று கணவன் ஜெயராஜ் கேட்டான். மாமியார் நின்றுகொண்டிருந்தாள். கொளஞ்சி இல்லையென்று தலையாட்டினாள்.

"வலி வந்தா ஊரக் கூட்டிடுவாளே, நமக்குத் தெரியாதா? நீ வேலைக்குப் போடா" என்றாள் பூவாயி. ஜெயராஜ் கெட்டவன் இல்லை. அலறினால் அம்மா ஆள் அனுப்புவாள், ஓடி வரலாம் என்றுதான் அவனும் போனான்.

மதியம் பாயெல்லாம் ரத்தமான பிறகுதான் ஆட்டோ வந்தது. "இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?" என்று டாக்டர் கேட்டதற்கு, "அவ கத்தவே இல்லீங்களே" என்றான் ஜெயராஜ். பிறந்தது ஆண் குழந்தை. அதுவும் கத்தவில்லை. மணிமுத்தாற்றங்கரையில் புதைத்துவிட்டு வந்தார்கள்.

சில மாதங்களில் நாத்தனார் தனக்கோடி தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். ஒருநாள் பூவாயி மகளுக்குத் தலை வாரிக்கொண்டே சொன்னாள்: "வலி வந்தா பல்லக் கடிச்சிக்க. ஒங்க அண்ணி ரெண்டாவதுக்கு எவ்ளோ பொறுமையா இருந்தா தெரியுமா? பொம்பளன்னா அப்பிடித்தான் இருக்கணும்."

இத்தனை வருடத்தில் மாமியார் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது. டீ ஊற்றிக்கொண்டிருந்த கொளஞ்சி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். கொட்டகையில் கழித்துப்போட்டதிலிருந்து எடுத்து வந்திருந்த கோப்பை ஒன்றைச் சுண்டினாள். பொத்தென்றது.

"கேட்டியா தனக்கோடி? சத்தம் வராததத்தான் நாங்க விரிசல்னு ஒதுக்குறோம். இந்த வூட்டுல அதுக்குப் பேரு பொறுமை. அந்தப் பொறுமைக்குத்தான் எம்புள்ளயக் குடுத்தேன். நீ கத்து. தொண்ட கிழியக் கத்து!"

பூவாயி பதறிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுடி, தெருவுல கேக்கப் போவுது."

"கேக்கட்டும் அத்த. அன்னிக்குக் கேட்டிருந்தா எம்புள்ள இருந்திருக்கும். பிரசவ வலியில கத்துறது வெக்கக்கேடு இல்ல. கத்த வுடாம அடக்குறதுதான் கொல."