பத்து சத்தம்

அப்பா சுவரை முழம் போட்டு அளந்தார். அலமாரிக்கும் அவருடைய கரோக்கே பெட்டிக்கும் நடுவில் அம்மாவின் கீபோர்டுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். கையைத் தாராளமாக நீட்டி அளந்ததால் இடம் குறைவாகவே வந்தது.

"சின்னதுதான் கொள்ளும், ரொசெண்டா" என்றார், வருத்தப்படுகிறவர்போல.

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே, "கடைக்குப் போய்ப் பாப்போம்" என்றாள்.

அம்மா எங்கள் ஊரின் ஹாரோ பகுதியில் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைத்தவள். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இசை வகுப்பு. கரண்டியும் கையுமாக எத்தனையோ வருடம் அடுத்தவர் பிள்ளைகளின் பாடத்தைக் கேட்டவள், ஓய்வு பெற்ற மறுமாதமே மிஸ் அமேலிங்கிடம் பியானோ கற்கச் சேர்ந்துவிட்டாள். கூடப் படிக்கிறவர்கள் பாதிப் பேருக்கு இன்னும் பால்பல் விழவில்லை. சனிக்கிழமை வகுப்பில் நிஜப் பியானோ; மற்ற நாளெல்லாம் எங்கள் சாப்பாட்டு மேஜையின் விளிம்பு. பாச்சோய் நூடுல்ஸ் சூப் கிண்ணத்தை வைக்கப் போனால், "அங்க வைக்காதே, அது கீழ் ஸ்வரம்" என்பாள்.

கீபோர்டு வாங்கும்போது கவனிக்க வேண்டியதை மிஸ் சொல்லி அனுப்பியிருந்தார். மெதுவாகத் தொட்டால் மெல்லிய ஒலியும், அழுத்தினால் பலத்த ஒலியும் வர வேண்டும். கட்டைகள் பியானோவில் இருப்பதுபோல் கனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் சோம்பேறியாகிவிடும். எத்தனை விதமான சத்தம் வருகிறது என்பதைப் பார்த்து மயங்கக் கூடாது.

அப்பா கடைக்குள் நுழைந்ததும் அதைப் பார்த்துத்தான் மயங்கினார். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம்போல ஒரு சின்னக் கீபோர்டு. அறுநூறு சத்தம். ஹெலிகாப்டர் இருந்தது, நாய் குரைத்தது. கைதட்டலும் இருந்தது, அதை அழுத்திவிட்டு அப்பா லேசாகக் குனிந்து வணங்கினார்.

அம்மா கேட்டதற்கு விற்பனையாளர் ஜெரிக்கோ வேறொன்றைக் காட்டினார். கறுப்பாக, நீளமாக, விளக்கோ மினுக்கோ இல்லாமல் இருந்தது. இருப்பதில் மலிவான கனக்கட்டை இதுதான் என்றார். அப்படியும் சின்னதைவிட இரண்டு மடங்கு விலை.

"சவப்பெட்டி மாதிரி இருக்கு. மொத்தமே பத்து சத்தம்தானாம்" என்றார் அப்பா.

"எனக்கும் பத்து விரல்தானே இருக்கு."

அப்பா விடவில்லை. சின்னதன் அருமையை நிரூபித்தே தீருவது என்று எதையோ அழுத்த, அதற்குள் பதிந்திருந்த ஒரு பாட்டு அருவி மாதிரி கொட்டத் தொடங்கியது. அவர் விரல்கள் கட்டைகளுக்கு மேலே, எதையும் தொடாமல் ஓடின. கண்களை மூடிக்கொண்டார். கிட்டார் கம்பி வாங்க வந்த ஒரு பெண்மணி அப்படியே நின்றுவிட்டார். முடியும்வரை பொறுக்க முடியாமல், மகளுக்குக் கல்யாணம், வந்து வாசிப்பீர்களா என்று கேட்டார். மறுக்க வேண்டிய மனிதர் என்றைக்கு என்று கேட்டார். நம்பர் கொடுக்கலாம் என்று இரண்டு கைகளையும் சட்டை, கால்சட்டைப் பைகளில் விட்டுக் கைப்பேசியைத் தேடினார். பாட்டு அப்போதுதான் உச்சத்துக்குப் போனது.

அந்தப் பெண்மணி கட்டைகளைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"பொண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லிடுங்க" என்றார் அப்பா.

நான் ஒரு டிரம்முக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அம்மா இது எதையும் பார்க்கவில்லை. கறுப்புக் கீபோர்டின் முன் உட்கார்ந்து ஒரே கட்டையை மெதுவாகத் தொட்டாள், பிறகு அழுத்தினாள். பிறகு ஐந்து விரலாலும் ஒரு சின்னப் பாட்டு. பாதியில் தடுக்கியது. தலையை ஆட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் அதே இடத்தில் தடுக்கியது. காது சிவந்துவிட்டது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அப்பா பக்கத்தில் வந்து நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அவர். பெருவிரலால் ஓரத்துக் கட்டை ஒன்றை அழுத்தினார். அது கனத்தோடு இறங்கி, கனத்தோடு எழுந்தது. உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சுத்தியல் இருக்கிறது என்றார் ஜெரிக்கோ. அப்பா இன்னொரு தடவை, முட்டைக் கூடையை இறக்குகிறவர்போல அழுத்தினார்.

"எப்படி இறக்குறமோ அப்படி இறங்குது" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு ஜெரிக்கோ பக்கம் திரும்பி, "ஸ்டாண்டும் ஹெட்போனும் சேத்துக் குடுப்பீங்களா?" என்று பேரத்தைத் தொடங்கினார்.

வீட்டில் அது எந்த மூலையிலும் கொள்ளவில்லை. அம்மா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா தன் முனையை என்னிடம் கொடுத்துவிட்டு, கரோக்கே பெட்டியைத் தானே வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். சாரல் அடிக்கும் என்று அதன்மேல் பழைய மேஜை விரிப்பைப் போர்த்திவிட்டு வந்தார்.

மறுநாள் காலை அம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எங்களுக்குக் கேட்டதெல்லாம் கட்டைகளின் டொக் டொக் மட்டும்தான். மின்விசிறி திரும்பும்போதெல்லாம் பாடத்தாள் பறந்தது. அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு, தாளின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். அவருக்கு அந்தப் புள்ளிகளில் ஒன்றுகூடப் புரியாது. அம்மா தலையசைத்தாள். அவர் சட்டென்று பக்கத்தைத் திருப்பினார். அம்மா தாளம்தான் போட்டிருந்தாள். விரலை எடுக்காமல் கண்ணாலேயே பழைய பக்கத்தைக் காட்டினாள். அப்பா திருப்பி வைத்தார். பிறகு நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, அடுத்த அசைவுக்காக அவள் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.