எல்லா மாடிகளிலும் நின்ற ஓட்டம்

அந்தப் பதினாறு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட், தன் ஓட்டத்தின் எண் எந்தெந்த மாடியால் மீதியில்லாமல் வகுபடுமோ அந்தந்த மாடியில் மட்டும்தான் நிற்கும். யாராவது ஏறினால்தான் கிளம்பும்; கீழிருந்து உச்சிக்குப் போய்த் திரும்பினால் ஓர் ஓட்டம்; எண் எல்லா மாடியிலும் கதவுக்கு மேல் ஒளிரும். பட்டனை அழுத்துவதெல்லாம் மன ஆறுதலுக்கு. முதல் மாடிக்காரர்களுக்கு எந்நாளும் கொண்டாட்டம். பதின்மூன்றாம் மாடிக்காரர்கள் வேலைக்குத் தாமதமாக வந்தால் மேலாளர்கள் காரணம் கேட்பதை நிறுத்தி வெகுகாலமாயிற்று. காதலிக்கத் தொடங்குகிறவர்கள்கூட முதலில் மாடியைத்தான் விசாரித்தார்கள். அவரவர் தங்கள் மாடியால் மட்டும் வகுத்துப் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து மாடிக் கணக்கு நமக்கெதற்கு என்றே பதினைந்து வருடம் ஓடிவிட்டது.

பதினாறாம் மாடித் தையல்காரிக்குப் பிரசவ வலி எடுத்தபோது எண் 7,20,704. சரியாக அவர்களுடைய ஓட்டம். ஆனால் அவள் கணவன், வெல்டர், கேஸை அணைத்தோமா என்று பார்க்க உள்ளே ஓடினான். அவன் வருவதற்குள் கதவு மூடிக்கொண்டது. படியிறங்கும் நிலையில் அவள் இல்லை. வெல்டர் முதல் மாடி சலூன்காரருக்கு போன் போட்டு, "அண்ணே, ஏறி மேலயும் கீழயும் போய்க்கிட்டே இருங்கண்ணே, எண் ஏறட்டும்" என்று அழுதான். அவர் பாதி சவரம் முடிந்த வாடிக்கையாளரையும் இழுத்துக்கொண்டு ஏறினார். 7,20,719-இல் லிஃப்ட் உச்சிக்கு வந்து, கதவைத் திறக்காமலே இறங்கியது. "அடுத்தது உங்களுதுதான்!" என்று அவர் உள்ளிருந்து கத்தியது கேட்டது.

அடுத்தது எல்லாருடையதாகவும் இருந்தது. ஒன்று முதல் பதினாறு வரை எதனால் வகுத்தாலும் மீதி வராத எண்களில் ஆகச் சிறியது 7,20,720. அதை யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. ஏறும்போதே மாடிக்கு மாடி கதவு திறந்தது. பதினொன்றில் ஓய்வுபெற்ற மருத்துவச்சி, மூட்டுவலியோடு, கண்ணாடி மாற்றக் கிளம்பி ஏறினார். உச்சியில் தையல்காரியின் முகத்தைப் பார்த்ததும் கைப்பையைக் கீழே போட்டார். இறங்கும்போது பதினைந்தில் நின்றது. பதினான்கிலும் நின்றது.

"இப்படி நின்னு நின்னு போனா எப்போ போய்ச் சேர்றது!" என்று வெல்டர் தலையில் அடித்துக்கொண்டான்.

"நிக்கட்டும் தம்பி. துண்டு கேளு, வெந்நீர் கேளு" என்றார் மருத்துவச்சி.

பதின்மூன்றாம் மாடி துண்டு கொடுத்தது, பன்னிரண்டு வெந்நீர் கொடுத்தது. எட்டுக்கும் ஏழுக்கும் நடுவே பெண் குழந்தை பிறந்தது. கழுத்தைச் சுற்றியிருந்த கொடியை மருத்துவச்சி விரலால் விலக்கிய பிறகுதான் அது அழுதது. ஏழிலிருந்து கீழே வரை ஒவ்வொரு மாடியாகக் கதவு திறக்க, சமையல் கையோடும் ஈரத் தலையோடும் நின்றவர்கள் குழந்தையைப் பார்த்துச் சிரித்தார்கள். வெல்டர் அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டான், எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை.

சில நாளில் லிஃப்ட் கம்பெனி ஆள் புதுக் கருவியோடு பதினாறுக்கு வந்தான். இனி யார் எந்த மாடியை அழுத்துகிறார்களோ அங்கே மட்டும் நிற்கும் என்றான். தையல்காரி குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டாள்.

"அப்போ அன்னைக்கு நாங்க கீழ போக அழுத்தியிருந்தா, பதினொன்னுல நின்னிருக்காதா?"

"எதுக்குக்கா நிக்கணும்? நேரா கீழதான்."

அவள் அவனுக்கு நல்ல டீயாகப் போட்டுக் கொடுத்து, "இது இப்படியே இருக்கட்டும் தம்பி" என்றாள். அவன் கருவியைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு படியில் இறங்கினான். பதினாறுக்கு இன்னும் ஒன்பது ஓட்டம் இருந்தது.