எதிர்வீட்டுச் சாவி

அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் செயலாளரம்மா. குடியிருப்போர் சங்கத்துக்குத் தேர்தல் வைத்தால்கூட அவரை எதிர்த்து நிற்க ஆள் கிடையாது. அவ்வளவு நல்ல பெயர். மாடியில் தனியாக இருந்த ஒருவர் பூட்டிய கதவுக்குப் பின்னால் மயங்கிக் கிடந்து, யாருக்கும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வீட்டின் மாற்றுச் சாவியும் எதிர்வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டைச் செயலாளரம்மா கொண்டுவந்தார். "பூட்டு திருடனுக்கு. எதிர்வீட்டுக்கு இல்ல," என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். எல்லாரும் கைதட்டுவார்கள்.

பிறகு அவருடைய எதிர்வீட்டுக்கே ஒரு இளம் ஜோடி புதிதாகக் குடிவந்தது. இருவருக்கும் பேக்கரியில் வேலை. விடிவதற்கு முன் போவார்கள், உச்சி வெயிலில் திரும்புவார்கள். தங்களுக்குள் வேறு ஏதோ பாஷையில் பேசிக்கொள்வார்கள். பாஷை புரியாத இடத்தில்தான் மனிதருக்கு என்னென்னவோ புரிந்துவிடுகிறது, செயலாளரம்மாவுக்கும் புரிந்தது. அந்த வாரமே அந்தப் பெண் தன் வீட்டுச் சாவியை நீட்டி, "இங்க இதுதான் வழக்கமாமேக்கா," என்றாள்.

செயலாளரம்மா தன் சாவியை எடுக்க உள்ளே போனார். சாவிகள் மாட்டும் ஆணிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். மாற்றுச் சாவிக்குப் பக்கத்தில், முன்பு பூட்டை மாற்றியபோது மிஞ்சிய பழைய சாவி தொங்கியது. அதே கம்பெனி. துளைக்குள் போகும், திரும்பாது. அதை எடுத்து வந்து கொடுத்தார். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். போட்டுப் பார்க்கவில்லை.

செயலாளரம்மா போட்டுப் பார்த்தார். அவர்கள் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில், அவர்கள் கொடுத்த சாவியை அவர்கள் கதவில் போட்டுத் திருப்பினார். எண்ணெய் போட்ட மாதிரித் திறந்துகொண்டது. திருடியைப் போலச் சட்டென்று பூட்டிவிட்டு வந்தார். அன்றைக்கே நல்ல சாவியைக் கொடுத்திருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் மாதங்கள் ஓடின. இடையிடையே அந்த வீட்டிலிருந்து சூடாக பன் வரும். சாப்பிடுவார், ஆணியில் தொங்கும் சாவிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து.

ஒரு மத்தியானம் குளியலறையில் கால் வழுக்கியது. கணுக்கால் மடங்கி, எழ முடியாமல் கிடந்தார். கத்தினார். எதிர்க்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா? பயப்படாதீங்க. உங்க சாவி எங்கிட்ட இருக்கு."

அதைக் கேட்டதும்தான் அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது.

சாவி துளைக்குள் போனது. இடப்பக்கம் திருகினாள், வலப்பக்கம் திருகினாள். வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடியும் போட்டாள். ஈரத் தரையில் கிடந்தபடி செயலாளரம்மா ஒவ்வொரு திருகலையும் கேட்டார். "மன்னிச்சுக்கங்கக்கா, எனக்குத்தான் திறக்கத் தெரியல," என்றாள் அந்தப் பெண், அழாத குறையாக. அது இந்தச் சாவி இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நேரே தச்சரிடம் ஓடியிருப்பாள். சொல்ல வாய் வரவில்லை. வலியைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. உயிரே போனாலும் பரவாயில்லை என்று கிடந்தார் மனுஷி.

கடைசியில் அக்கம்பக்கத்தார் கூடி, தச்சரை வரவழைத்துப் பூட்டைப் பெயர்த்தார்கள். மேல்வீட்டு நர்ஸ் அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துக் காலைத் தொட்டுப் பார்த்தாள், வெறும் வீக்கம்தான். தச்சர் அந்தச் சாவியை வாங்கி, பெயர்த்த பூட்டில் போட்டுப் பார்த்தார்.

"இது இந்தப் பூட்டோடதே இல்லையே."

எல்லார் பார்வையும் எதிர்வீட்டுப் பெண்ணின் பக்கம் போனது. அவள் செயலாளரம்மாவைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான்தான் பதட்டத்துல மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன்," என்றாள்.

"நம்பிச் சாவி குடுத்தா இப்படியாம்மா?" என்று ஆரம்பித்தார் கீழ்வீட்டுக்காரர். "ஒரு உயிரு போயிருக்கும். யாரு எவருன்னு தெரியாதவங்கள வச்சுக்கிட்டு..."

அவள் தலையைக் குனிந்துகொண்டு அத்தனையும் வாங்கிக்கட்டிக்கொண்டாள். செயலாளரம்மா சும்மா இருந்தால் போதும், தப்பித்துவிடலாம். கொஞ்ச நேரம் சும்மாவும் இருந்தார், அதை மறைப்பானேன்.

"அவளத் திட்டாதீங்க," என்றார் கடைசியில். "அது நான் குடுத்த சாவி. திறக்காதுன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன்."

கீழ்வீட்டுக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு இவர்கள் முன்னால் நின்று பேசுவது என்று செயலாளரம்மா கூசிப்போய் உட்கார்ந்திருந்தார்.

தச்சர் புதுப் பூட்டைப் பொருத்திவிட்டுப் போனதும், செயலாளரம்மா அதன் சாவி ஒன்றை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். இந்தத் தடவை இரண்டு கையாலும் கொடுத்தது அவர்தான்.

"வேணாம்னா சொல்லிடும்மா. கோச்சுக்க மாட்டேன்."

"வேணாம்னு யாரு சொன்னது," என்று வாங்கிக்கொண்டாள். அவர் காலுக்கு அடியில் தலையணை வைத்தாள். குடிக்கத் தண்ணீர் எடுத்து வைத்தாள். வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்; பூட்டு விழுந்தது.

அவளுடைய காலடிச் சத்தம் எதிர்வீட்டுக்குப் போகும் என்று செயலாளரம்மா காத்திருந்தார். போகவில்லை. துளைக்குள் சாவி நுழைந்தது. ஒரு திருப்பு. கதவு விரல் அகலத்துக்குத் திறந்தது.

"திறக்குதுக்கா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மறுபடியும் சாத்தினாள்.