இரண்டு சிவப்பு பாடிகள்

அடுத்த பந்தயம் எங்களுடையது. ரிமோட் காரை ஓட்டப்போவது நான். அதன்மேல் மாட்டும் வெளிக்கூட்டை, அதாவது பாடியை, செய்பவன் என் தம்பி. மேஜையில் ஒரே மாதிரி இரண்டு சிவப்பு பாடிகள் இருந்தன. ஒன்று பாலிகார்பனேட், மோதினாலும் வளைந்து நிமிர்ந்துவிடும். மற்றது வார்ப்பு அச்சு சரியா என்று பார்க்கச் செய்த மலிவு பிளாஸ்டிக், மோதினால் நொறுங்கும். எது எது என்று மேலே ஒட்டியிருந்த பிலிமில் எழுதி வைத்திருந்தான். பளபளப்பைப் பார்க்கும் ஆசையில் இரண்டிலும் அதை உரித்துப் போட்டுவிட்டான், புண்ணியவான்.

"மடக்கிப் பாருடா."

"ஒடஞ்சிட்டா? ரெண்டுக்கும் உயிரக் குடுத்து பெயின்ட் அடிச்சிருக்கேன்க்கா."

வெளியே எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். பொறுமை போய், கைக்குக் கிடைத்த ஒன்றைத் தரையில் அடித்தேன். தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அது துள்ளி நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. ஒரு விரிசல்கூட இல்லை.

"இதுதான். மாட்டு."

அவன் மற்றதை எடுத்துத் தடவினான். "இதுலதான் பெயின்ட் நல்லா வந்திருக்கு. நீ மோதாம ஓட்டேன்க்கா."

அதை அவன் கையிலிருந்து வாங்கி, அதையும் தரையில் அடித்தேன். சிவப்புச் சில்லுகள் அறை முழுக்கச் சிதறின.

"இப்ப மாட்டு."